பெருங்கயத்துப் பாசியும் கறுத்த கல்லும்

மழை வாழ்க, மழை வந்து தங்கும் ஏரி வாழ்க, ஏரியிலிருந்து வயலுக்கு நீர் இறங்கும் வழி என்றென்றும் வாழ்க.

கிழக்கே அலைகடலும் மேற்கே குங்கிலியக் காடும் எல்லையாக விரிந்த பொன்னாழி நாட்டின் முடியுடைய மன்னர், கடலில் கலம் பல செலுத்துபவர், பகைவர்க்கு இடியும் குடிகளுக்கு முகிலுமாகிய ஆழிமருத தேவர் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் நன்னிலவன் எழுத்து. கரும்பாழிக் கோட்டத்தைக் காத்து நிற்பவரும், தந்தை வழியில் நம் அவையில் வலப்பக்க இருக்கை பெற்றவருமான வேள் கொற்றங்குமரர் காண்க. உமது யானைகள் நலமா, குதிரைகள் நலமா, உமது மாளிகையில் விளக்கு நின்று எரிகிறதா என்று கேட்டு மகிழ்கிறோம். உமது கோட்டத்து வயல்கள் நலமா என்று மட்டும் கேட்கவில்லை. அதை நாமே அறிந்துகொண்டோம்.

காரியம் இது. பெருங்கயம் ஏரியில் மிதக்கும் பச்சைப் பாசியைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பதாகவும், அந்த எண்ணெயை வாலை என்னும் வடிகலத்தில் வடித்தால் புகையாத விளக்கெண்ணெய் ஒரு பங்கு, பல்லக்குக்குப் பூசும் மெருகெண்ணெய் ஒரு பங்கு, கலத்தின் அடிமரத்துக்குப் பூசும் கீல் ஒரு பங்கு எனப் பிரிந்து வருவதாகவும், இனி நம் கலங்களுக்காகக் குங்கிலிய மரத்தைக் கீற வேண்டியதில்லை என்றும் எழுதி, சாடிகளும் அனுப்பி வைத்தீர். கைம்மாறாக, பெருங்கயம் ஏரியைப் பாசிக்காணியாக உமக்கே தந்து, அதன் மடையை நிலையாக அடைத்துக்கொள்ள இசைவு கேட்டீர். ஏரியின் கடைமடை ஊரார் இதற்கு மகிழ்ச்சியோடு இசைந்துவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர். தண்ணீரை விட்டுக்கொடுத்து மகிழ்ந்த உழவனை நம் அவையில் எவரும் இதுவரை கண்டதில்லை.

அதே வேளையில் பெயர் சொல்லாத ஒருவர் வழியாக இன்னொரு சேதியும் வந்தது. பாசி எண்ணெய் என்பது வெறும் வேடம். அரச காவலில் உள்ள காட்டில் குங்கிலியம் களவாடி, அதைக் காய்ச்சியே வேள் சாடி நிரப்புகிறார் என்றது அது. ஆகவே நாடுகாண் அதிகாரி எயினன் பூவரையரை அனுப்பினோம். அங்கே நடந்ததை அவர் வந்து சொல்ல, அவரவர் பேசிய பேச்சை மெருகு பூசாமல் அப்படியே எழுதும்படி மன்னர் ஆணையிட்டிருக்கிறார். உமக்குத் தெரிந்த பகுதியும் இதில் உண்டு. தெரியாத பகுதியும் உண்டு. பொறுமையாகப் படியும்.

பூவரையரை நீர் அறிவீர். வீட்டுப் பாலில் தண்ணீர் கலந்திருந்தால் பால்காரனை விட்டுவிட்டுப் பசுவையே விசாரிப்பவர் என்று நகரத்தார் அவரைக் கேலி செய்வதுண்டு. அதிகாரி ஆவதற்கு முன்பு அவர் அரண்மனைப் பொற்கூடத்தில் கண்காணியாக இருந்தவர். அங்கே தட்டார்கள் காலையில் உள்ளே வரும்போது அவர்களின் உளி, அரம், மெழுகுக்கட்டை எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பார்கள். மாலையில் மறுபடி நிறுப்பார்கள். எடை குறைந்தால் தேய்மானம் என்று விட்டுவிடலாம். எடை கூடினால் விடக்கூடாது. உள்ளே போனதைவிடக் கனத்து வெளியே வரும் கருவிக்குள் பொன் ஒட்டியிருக்கிறது என்று பொருள். அந்தப் பாடம் அவர் எலும்பில் ஊறியது. பொற்கூடத்தை விட்டு வந்த பிறகும், உலகத்தையே அந்தத் தராசில் வைத்துத்தான் பார்ப்பார்.

கரும்பாழிக்குள் நுழைந்ததுமே அவர் மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. சத்திரத்து வாசலில் வெற்றிலை விற்றவள் மடித்த பாக்கைக் கொடுத்தபடியே, "சாமி, நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்க. வண்டி வண்டியா வருது, குங்கிலிய வாசம் ஊரையே தூக்குது" என்று கிசுகிசுத்தாள். சவரம் செய்ய வந்தவன் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "வண்டி வண்டியா வருது சாமி, குங்கிலிய வாசம் ஊரையே தூக்குது" என்றான். துணி வாங்க வந்த வண்ணானும் அதையே சொன்னான். பூவரையர் தம் மீசையை நீவிக்கொண்டார். ஊரே சாட்சி சொல்கிறது என்று அன்று அவருக்குத் தோன்றியது.

காய்ச்சும் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, நீர் தயங்கினீர். தொழில் மறைவு என்றீர். நாளை என்றீர், நாள் நல்லதல்ல என்றீர். கொட்டகை வாசலில் வேற்படை நிறுத்தியிருந்தீர். நீர் தயங்கத் தயங்க, உள்ளே இருக்கும் களவு அவர் கண்ணில் பெருத்துக்கொண்டே போனது. கடைசியில், வேறு வழியில்லாதவர் போலக் கதவைத் திறந்துவிட்டீர்.

உள்ளே இருந்தவள் தீவாந்தரத்திலிருந்து நீர் வரவழைத்த இரசவாதி சேந்தி. மருத்துவமும் இரசவாதமும் கற்றவள். கற்றதை மறைக்கும் அடக்கமெல்லாம் அவளிடம் இல்லை. அதிகாரி என்று அறிந்தும் எழுந்திருக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, "கதவைச் சாத்துங்க, காத்து அடிச்சா சூடு போயிரும்" என்றாள். பிறகுதான் வந்தவர் யார் என்று திரும்பிப் பார்த்தாளாம்.

பூவரையர் கேட்கக் கேட்க அவள் சொன்ன முறை இது. பாசியை வழித்து, துணியில் பிழிந்து, செப்புக்குடத்தில் இட்டு, கூடவே நெல்லிக்காய் அளவு வெள்ளை உருண்டைக் கற்களைப் போட்டு, மூடியைச் சீலைமண்ணால் பூசி அடைத்து, ஒரே சூட்டில் காய்ச்ச வேண்டும். அந்தக் கல் அவளே களிமண்ணோடு தீவுக் கல்லை இடித்துச் சேர்த்துச் சுட்டது. ஊசி முனையும் நுழையாத கண்கள் அதற்குள் எண்ண முடியாமல் இருக்கும். கல் இல்லாமல் காய்ச்சினால் பாசி கருகி நாறும். கல் இருந்தால் எண்ணெயாகும். ஆனால் எண்ணெயில் கல் துளியும் கரையாது.

"கரையாத கல் என்ன வேலை செய்யும்?" என்று கேட்டார் பூவரையர்.

"மாட்டுச் சந்தையிலே தரகரைப் பார்த்ததில்லையா? துண்டுக்குள்ளே விரலைப் பிடிச்சுப் பேரத்தை முடிச்சு வைப்பார். மாடும் அவருதில்லை, காசும் அவருதில்லை. அவரு இல்லாட்டி வித்தவனும் வாங்கினவனும் சாயங்காலம் வரைக்கும் முறைச்சுக்கிட்டே நிப்பாங்க. இந்தக் கல்லு தரகர்" என்றாள் சேந்தி.

"தரகு வாங்காத தரகனை நான் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை அம்மா" என்றார் இவர்.

சொல்லிக்கொண்டே கூடையில் கிடந்த கற்களைப் பார்த்தார். வெள்ளைக் கல் என்றாள். கூடையில் கிடந்தவையோ அட்டக்கரி. ஒன்றை எடுத்து விளக்குச் சுடரில் காட்டினார். கல் புகைந்தது. பிறகு நுனியில் செந்நெருப்புப் பிடித்து எரிந்தது. கல் எரியுமா? இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் சிறுதராசை எடுத்து, அலமாரியில் இருந்த புதிய வெள்ளைக் கல்லை ஒரு தட்டிலும், அதே அளவுள்ள கறுப்புக் கல்லை மறு தட்டிலும் வைத்தார். கறுப்புக் கல்லின் தட்டு தாழ்ந்தது.

பொற்கூடத்துக் கண்காணி அந்த நொடியே விழித்துக்கொண்டார். உள்ளே போனதைவிடக் கனத்து வெளியே வந்த கருவி! கல்லின் கண்களில் குங்கிலியத்தை ஊற வைத்து உள்ளே அனுப்புகிறார்கள். அதிலிருந்து வடிவதுதான் எண்ணெய். பாசி ஊரை ஏமாற்றும் பச்சைப் போர்வை என்று முடிவு கட்டினார். சேந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அவையில் சொல்" என்று கையமர்த்தினார். அவர் அன்று செய்த பிழை அது ஒன்றுதான். ஆனால் பெரிய பிழை.

பெரிது என்பதற்குக் காரணம் நம் நாட்டுப் பழிக்கடன். அரச அதிகாரி ஒருவர் நிறைந்த அவையில் ஒருவர் மேல் களவுப் பழி சொல்லி, அது பொய் என்று தெரிந்தால், பழி சுமந்தவர் மன்னரிடம் கேட்கும் ஒரு விண்ணப்பத்துக்கு அந்த அதிகாரியே பரிந்துரை எழுதித் தம் முத்திரைப் பொறி இட வேண்டும். அப்படி வரும் விண்ணப்பத்தை மன்னர் மறுப்பதில்லை. நம் முன்னோர், அதிகாரிகளின் நாக்குக்கு இட்ட கடிவாளம் அது. பூவரையருக்கு அது தெரியாததல்ல. கறுத்த கல் கையில் இருந்ததால் அஞ்சவில்லை.

உமது அவையில், உமது படைத்தலைவர்களும் வணிகர்களும் பார்த்திருக்க, சேந்தியை நடுவில் நிறுத்தி, "இவள் அரசரின் காட்டைக் களவாடிக் கல்லில் ஒளித்தவள்" என்று உரக்கச் சொன்னார். சேந்தியின் முகம் சிவந்தது. "எண்ணெயைத் திருடினேன்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன். என் வித்தையே பொய்னு சொல்றீங்களே!" என்றாள்.

நீர் கோபப்படவில்லை. தலை தாழ்த்தி நின்றீர். அதிகாரி விரும்பியபடியெல்லாம் சோதிக்கட்டும், எண்ணெய் பொய்யானால் என் தலையும் இருக்கையும் மன்னருடையவை, மெய்யானால் பழிக்கடனை மட்டும் மறக்க வேண்டாம் என்று தேன் போலச் சொன்னீர். அவையோர் உமது பொறுமையை மெச்சினார்கள். பூவரையரும் மெச்சினார் என்று ஒப்புக்கொள்கிறார்.

சோதனையை அவர் சந்து பொந்து விடாமல் நடத்தினார். பாசியை எவரும் கொண்டுவந்து தரக்கூடாது, தாமே அள்ள வேண்டும் என்று பரிசல் ஏறிப் பெருங்கயத்துக்குள் போனார். பரிசல் ஓட்டியவன் கூத்தன் என்பவன். நடு ஏரியில் பரிசல் நகரவில்லை. துடுப்பைப் போட்டால் பச்சைக் கூழைக் கிண்டுவது போல இருந்தது.

"இவ்வளவு பாசி எப்படியப்பா வந்தது?" என்று கேட்டார் பூவரையர்.

"ஓடுற தண்ணியில பாசி ஏதுங்க? நின்னாத்தானே பிடிக்கும்" என்றான் கூத்தன். "போன வருசம் இதே இடத்துல கெண்டை துள்ளி என் மடியில விழும். இப்ப மீனு மூச்சு முட்டிச் சாவுது. போதாக்குறைக்கு ஊரு ஊராப் போயி எருவ வண்டியில அள்ளிக்கிட்டு வந்து தண்ணிக்குள்ள கொட்டுறாங்க. பயிருக்குப் போட வேண்டியத ஏரிக்குப் போட்டா, ஏரிதான் விளையும்! மகராசன் புண்ணியத்துல நாங்க இனிமே பாசியத்தான் பொங்கித் திங்கணும்."

பூவரையர் அதைக் கேட்டார். ஆனால் அப்போது அவர் மனம் முழுவதும் குடத்துக்குள் இருந்தது. அள்ளிய பாசியைத் தம் மடியில் வைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்.

கறுப்புக் கற்களைச் சேந்தியிடம் கொடுக்கவில்லை. தாமே திறந்த உலையில் போட்டு, துருத்தி ஊதி, புகை நின்று, நெருப்பு நின்று, உள்ளே எந்தப் பிசினும் மிஞ்ச வழியில்லை என்று தெரியும்வரை சுட்டார். சுடச்சுடக் கறுப்பு போய், கற்கள் சோறு போல வெளுத்தன. நிறுத்தார். புதிய கல்லும் சுட்ட கல்லும் சமமாக நின்றன. ஒரு குடத்தில் பாசியும் கல்லும், இன்னொரு குடத்தில் பாசி மட்டும் இட்டார். சீலைமண்ணைத் தம் கையால் பூசி, தம் கணையாழியால் பொறி வைத்தார். சேந்தியை அடுப்புக்கு அருகில் விடவில்லை. அவள் எட்ட நின்றபடியே, "விறகை அள்ளித் திணிக்காதீங்க. கல்யாணத்துக்கா சமைக்கிறீங்க?" என்று அதட்டிக்கொண்டே இருந்தாளாம்.

குடங்கள் திறந்தன. கல் இல்லாத குடத்தில் கருகிய களிம்பும் செத்த நண்டின் நாற்றமும் இருந்தன. கல் இட்ட குடத்தில் பொன்னிறத்தில் எண்ணெய் மிதந்தது. அடியில் கிடந்த கற்கள் மறுபடி கறுத்திருந்தன. எடுத்து நிறுத்தார். கனத்திருந்தன. தாமே சுட்ட கல். தாமே அள்ளிய பாசி. தாமே வைத்த பொறி. குங்கிலியம் எங்கிருந்து வரும்?

"தரகு வாங்காத தரகன் இல்லைன்னீங்களே, வாங்குது பாருங்க" என்றாள் சேந்தி. "பாசியில இருக்குற கரி கொஞ்சம் கொஞ்சமா அதோட கண்ணை அடைச்சுக்கும். அதான் கறுப்பு. அதான் கனம். வெளிய எடுத்துச் சுட்டா எல்லாத்தையும் கக்கிட்டு மறுபடி வேலைக்கு வரும்."

பழி பொய்யானது. வேளே, அன்று மாலை நீர் வைத்த விருந்தின் சுவையைப் பூவரையர் இன்றும் மறக்கவில்லை. பெருங்கயத்தை உமக்குத் தரும்படி பரிந்துரைக்கும் ஓலை, அவர் பொறிக்கு இடம் விட்டு, இலைக்குப் பக்கத்திலேயே எழுதி ஆயத்தமாக இருந்தது. அவ்வளவு விரைவு கூடாது, வேளே. பாயசம் வருமுன் ஓலை வந்தது அவருக்கு உறுத்தியது.

கை கழுவப் போவதாகச் சொல்லி எழுந்தவர், நேரே கொட்டகைக்குப் போனார். சேந்தியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒரு சிறு ஐயம் கேட்டார். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கல்லைச் சுட்டு வெளுப்பது முறை என்றால், தாம் வந்த நாளில் கூடையில் கற்கள் ஏன் கறுப்பாகக் கிடந்தன?

"அதை ஏன் கேக்குறீங்க! நான் சுடத்தான் போனேன். அதிகாரி வந்துட்டுப் போகட்டும், அதுவரைக்கும் சுடாதே, அப்படியே கூடையில முன்னாடி வைன்னு வேள் ஆள் அனுப்பினார். அழுக்குப் பாத்திரத்தை விருந்தாளி முன்னாடி வைக்கிற மாதிரி எனக்கே கூச்சமா இருந்துச்சு" என்றாள் சேந்தி.

பூவரையர் அங்கிருந்த விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெற்றிலைக்காரியும் நாவிதனும் வண்ணானும், ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்ட பிள்ளைகளைப் போல, ஒரே சொல்லைச் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. நீர் காட்டிய தயக்கம், வாசலில் நிறுத்திய வேல், எரியும் கல், எல்லாம் அவருக்கென்று சமைத்துப் பரிமாறியவை. ஐயப்படுபவனைத் தடுப்பது கடினம். ஆனால் ஐயத்தையே அவன் தட்டில் வைத்துவிட்டால், அவன் வேறு எங்கும் தேடமாட்டான். மெய்யான எண்ணெயைப் பொய் என்று ஓர் அதிகாரி சொல்ல வேண்டும்; அது உமக்குத் தேவையாக இருந்தது. பழிக்கடன் என்னும் கடிவாளத்தை அவர் வாயில் மாட்டி, அதன் மறுமுனையை நீர் பிடித்துக்கொண்டீர். நமக்கு வந்த பெயரில்லாச் சேதியும் எங்கே பிறந்தது என்று இப்போது நாம் ஊகிக்கிறோம்.

குடத்தைப் பார்க்க வைத்தவர், எதைப் பார்க்கவிடாமல் வைத்தார்? அந்தக் கேள்வியோடு மறுநாள் காலை பூவரையர் குதிரையில் கடைமடைக்குப் போனார். வேட்டைக்குப் போவதாக உம்மிடம் சொன்னார். அது பொய் என்று சொல்வதற்கில்லை.

கடைமடையில் நெருஞ்சிக்குடி என்னும் ஊர். வாய்க்காலில் பாம்புச் சட்டை காய்ந்து கிடந்தது. நாற்றங்கால் பழுத்த வைக்கோல் நிறத்தில் இருந்தது. ஒரு வயலில் வெள்ளச்சி என்னும் குடியானவள், குடத்தில் எங்கிருந்தோ கொண்டுவந்த தண்ணீரை நாற்றுக்குக் கை கையாகத் தெளித்துக்கொண்டிருந்தாள். பூவரையர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்; அவர் தோளில் இருந்த அரசப் பொறியைப் பார்த்தாள்.

"உங்க ராசா அடைச்ச தண்ணிய எங்கிட்ட வந்து கேக்குறீகளே, வெக்கமா இல்ல?" என்றாள்.

எந்த ராசா, எப்போது அடைத்தார் என்று பூவரையர் கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்குறத பாரு! மொரசு அடிச்சில்ல சொன்னாக. பேரரசர் ஆணை, பெருங்கயத்து மட இனிமே தொறக்காது, முறையிடப் போறவன் ராசத் துரோகின்னு. எம் புருசன் மடயத் தட்டப் போனான்னு காவல்ல போட்டாக. கப்பலுக்கு எண்ண வேணுமாம் உங்க ராசாவுக்கு. கப்பல் தண்ணியிலதான ஓடுது? எங்க நெல்லும் தண்ணியிலதான்யா நிக்கும்! இந்த நாத்து போச்சுன்னா இந்த வருசம் எங்களுக்குச் சோறு இல்ல. அந்த எண்ணயத்தான் ஆளுக்கொரு கை வாங்கிக் குடிக்கணும்."

திட்டிவிட்டு, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு கை அவர் கையில் வார்த்தாள். "குடிச்சிட்டுப் போங்க. தாகம்னு கேட்டவனுக்கு இல்லேன்னு சொல்றதுக்கு நான் ராசா இல்ல" என்றாள்.

வேளே, ஓலைநாயகம் இவ்வரியைப் படித்துக் காட்டியபோது மன்னர் அதை மறுபடி படிக்கச் சொன்னார். நம் பெயரில் முரசறைந்தீர். நம் குடிகள் நம்மை ஏசியபடி நாற்றுக்குக் கையால் தண்ணீர் தெளித்தார்கள். முறையீடு ஒன்றும் வராததை இசைவு என்று எமக்கு எழுதினீர்.

பூவரையர் திரும்பி வந்து உம்மிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பழிக்கடனை மன்னர் முன்னிலையில்தான் தீர்ப்பேன் என்றார். பழி சுமந்தவர் உடன் வருவது முறை என்றார். நானே புறப்படட்டுமா என்று நீர் கேட்டீர். வேளார் வெயிலில் அலைய வேண்டாம், சேந்தி வந்தால் போதும் என்றார். அதை நீர் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பல்லக்கும் கொடுத்து அனுப்பினீர். நன்றி.

இங்கே அவையில் நாம் கேட்ட முதல் கேள்வி, பூவரையர் களவுப் பழியை யார் மேல் சொன்னார் என்பது. "இவள்" என்று சேந்தியை நிறுத்திச் சொன்னார். உம் அவையோர் அனைவரும் அதற்குச் சாட்சி. அவர்களை நிறைத்து வைத்தவர் நீரே. ஆகவே பழிக்கடன் சேந்திக்கே உரியது. உமது விண்ணப்பத்துக்கு அதில் இடமில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டார்.

"எனக்கு உப்பங்கழியில கொஞ்சம் எடம் வேணும்" என்றாள் சேந்தி. "நெல்லு முளைக்காத களர் நிலம் போதும். பாசிக்கு நல்ல தண்ணி எதுக்கு? உவர்த் தண்ணியில வளர்ற பாசியில எண்ணெய் இன்னும் கூடுதலாவே வரும். வந்த முதல் நாளே வேளார்கிட்டச் சொன்னேன். ஏரியில செய்யி, இல்லாட்டி ஊருக்குப் போன்னுட்டார்."

ஏரி வேண்டியது பாசிக்கு அன்று என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. மடையின் திறப்பைக் கையில் வைத்திருப்பவனுக்கு, அதற்குக் கீழே உள்ள ஊர்கள் எல்லாம் தாமாக மண்டியிடும். அடுத்த ஆண்டு எந்த ஊருக்கு நீர் விடுவது, எந்த ஊர் உமக்கு என்ன எழுதித் தந்தால் விடுவது என்பதெல்லாம் உமது விருப்பமாகியிருக்கும். எண்ணெய் மெய். சேந்தியின் வித்தை மெய். அந்த மெய்யைப் போர்வையாக்கி அதன் கீழே நீர் ஒரு பொய்யைக் கிடத்தினீர்.

ஆகவே நம் ஆணை இவ்வாறாகும்.

கழிமுகத்துக் களர் நிலம் சேந்திக்குப் பாசிக்காணியாகத் தரப்பட்டது. அவள் காய்ச்சும் எண்ணெயும் கீலும் நம் கலங்களுக்கு வரும். குங்கிலியக் காடு கீறுபடாமல் நிற்கும். அவள் குடங்களையும் வாலைகளையும் உமது ஆட்களே ஒரு விளிம்பும் நசுங்காமல் சுமந்து கழிமுகத்தில் சேர்க்க வேண்டும். ஊர்களில் அள்ளிய எருவுக்கு ஈடாக உமது கொட்டில்களின் எருவை வயலுக்கு அனுப்ப வேண்டும். காவலில் உள்ள வெள்ளச்சியின் கணவன் இவ்வோலை படித்து முடியுமுன் வெளியே நிற்க வேண்டும். எந்த முரசால் நம் பெயரைக் கெடுத்தீரோ, அதே முரசை அதே ஊர்களில் அறைந்து, அடைத்தது மன்னர் அன்று, வேள் என்று அறிவிக்க வேண்டும்.

பெருங்கயத்து மடையைத் திறக்கும்படி உமக்கு நாம் ஆணையிடவில்லை. நீர் திறக்க மாட்டீர் என்பதால் அன்று. பூவரையர் நம் படையோடு நேரே மடைக்குப் போனார். இவ்வோலையைக் கொணர்ந்தவர் அதன் பிறகே உமது வாயிலுக்கு வந்தார். ஐயமிருந்தால் சாளரத்தைத் திறந்து கேளும்.

நீரை அடைத்தவன் கடைமடையில் நிற்க வேண்டும் என்பது இந்நாட்டு முறை. நெருஞ்சிக்குடியின் கடைசி வயலில், வெள்ளச்சியின் நாற்றங்கால் வரப்பில், குடை பிடிப்பாரும் விசிறுவாரும் இன்றி நீர் நிற்க வேண்டும். தண்ணீர் அங்கே வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. வயல் நிரம்பி, அவள் தன் வாயால் 'போதும்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே நீர் நம் அவைக்கு வந்து, உமது இருக்கை உமக்கு உண்டா இல்லையா என்று கேட்கலாம். அவள் அதை எளிதில் சொல்லமாட்டாள் என்பது பூவரையரின் கணிப்பு.

மன்னர் கேட்டருளி இசைந்தபடி, ஆமைப்பொறி இட்டு, செம்மெழுகு வார்த்து, ஓலை முடித்தோம். குடிகள் உண்க; கோல் கோணாது நிற்க.

வேளே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புறப்படும்.